முப்பத்தோராம் லேனில் இரண்டாவது சீல்

ஜூன் 11, ஞாயிறு

ஆராதனை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போதே லிங்கத்தின் போன். முப்பது வருடமாக ஒழுங்கான பேச்சில்லை. இப்போது பேசுகிறான் என்றால் காரியம் இருக்கிறது.

"வே ஞானம், மாநிலப் போட்டி நம்ம ரேஞ்சுக்கு வந்திருக்குல்லா. டார்கெட் பொறுப்புக்கு உம்ம பேரைப் போட்டாச்சு. மாட்டேன்னு சொல்லிராதேயும்."

"ஏன், வேற ஆளு கிடைக்கலையோ?"

"கிடைச்சா உம்மகிட்ட வருவேனா?"

சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குற்றாலலிங்கம் மாவட்டத் துப்பாக்கி சுடும் சங்கத்தின் செயலாளர். இருபத்தெட்டு வயதில் நானும் அவனும் ஒரே சங்கத்தில் ஏர் ரைபிள் சுட்டோம். மாநில அணிக்குக் கடைசி இடம் ஒன்று இருந்தது. என்னுடைய ஒரு குண்டு ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுக்கோட்டில் விழுந்தது. அட்டையில் அளவுகோல் வைத்துப் பார்த்தவன் லிங்கத்தின் அறைத்தோழன். ஒன்பது என்றான். லிங்கம் அணியில் போனான். நான் எம்.எஸ்சி. இயற்பியலைக் கட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். அங்கேயும் முதல்வர் பதவி என்னைவிட இளையவனுக்குப் போனது வேறு கதை.

இப்போது அட்டையும் இல்லை, அளவுகோலும் இல்லை. எலக்ட்ரானிக் டார்கெட். குண்டு எங்கே பட்டது என்பதை இயந்திரமே கணக்கிட்டு, சுடுபவரின் பக்கத்துத் திரையில் காட்டும். அதனால் மோசடி ஒழிந்தது என்று எல்லாரும் சொல்கிறார்கள். அட்டைக்காலத்தில் ஏமாற்றியவன் கண்ணுக்குத் தெரிந்தான், அவ்வளவுதான் வித்தியாசம்.

லிங்கத்தின் மகள் உலகம்மையும் இந்தப் போட்டியில் சுடுகிறாள். ஜூனியரில் அவளுக்கு இது கடைசி ஆண்டு. மாநில அணிக்கு மூன்று பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். இப்போது விட்டால் அடுத்து சீனியர்தான். அங்கே இவள் வயதுக்கு இடம் கிடைக்கப் பல வருடம் ஆகும். அப்பன் செயலாளர், போட்டி சொந்த ரேஞ்சில், மகளுக்குக் கடைசி வாய்ப்பு. நான் ஒன்றும் சொல்லவில்லை.

என் மனைவி சுகந்தி கேட்டாள்: "போக இஷ்டமில்லைன்னா வேண்டாம்னு சொல்லிர வேண்டியதுதான?"

"இஷ்டமில்லைன்னு யாரு சொன்னா?"

ஜூன் 14, புதன்

மூன்றடைப்பு தாண்டி நான்குவழிச் சாலையில் இறங்கினால் ரேஞ்ச். காற்று ஆளைத் தள்ளுகிறது. தூரத்தில் காற்றாலைகள் எல்லாம் ஒரே மூச்சாகச் சுற்றுகின்றன. செம்மண் தூசி உள்ளே வராமலிருக்க ஜன்னல்களுக்குத் தார்ப்பாய் கட்டியிருக்கிறார்கள்.

பத்து மீட்டர் தூரம் சுடும் கூடத்தில் நாற்பது லேன், ஒருவருக்கு ஒரு தடம். இருபது டார்கெட் நம்முடையவை. மீதி இருபது வாடகைக்கு வந்தவை, வேறு மாடல். அவற்றோடு வந்த டெக்னீஷியன் ரெஜின், மார்த்தாண்டத்துக்காரன், முப்பது வயதிருக்கும். மாலைக்குள் நாற்பதையும் நிறுத்தி, மட்டம் பார்த்து, விளக்கு ஒளி அளந்து, கேபிள் இழுத்து, கட்டுப்பாட்டு அறைக் கணினியோடு இணைத்தோம். யு.பி.எஸ். பேட்டரி இரண்டு உப்பியிருந்தன. ஜெனரேட்டர்காரர் வரவில்லை. ரைபிள்களைப் பூட்டிவைக்கும் அறைக்கு இரண்டு சாவி வேண்டும், ஒன்றுதான் இருக்கிறது. எண்ணூறு பேர் வருகிறார்கள். ஒரு டீடெயிலுக்கு, அதாவது ஒரு சுற்றுக்கு, நாற்பது பேர் சுடுவார்கள். ஒன்று தாமதமானால் பின்னால் உள்ள அத்தனை டீடெயிலும் சரியும்.

இந்த டார்கெட்டுக்குக் கண் கிடையாது, காதுதான். நடுவில் கறுப்புத் தாள் ஒன்று சுருளாக ஓடுகிறது. குண்டு தாளைக் கிழிக்கும் சத்தத்தை மூலைகளிலுள்ள மைக்குகள் கேட்டு இடத்தைக் கணிக்கும். ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் மோட்டார் தாளைக் கொஞ்சம் நகர்த்திப் புதுத் தாளைக் கொண்டுவரும். தாள் நகராவிட்டால், அடுத்த குண்டு பழைய ஓட்டைக்குள்ளேயே போனால், கிழிய ஒன்றுமில்லை, சத்தமில்லை, கணக்கிலும் இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், மோசமாகச் சுடுபவனுக்கு இந்தப் பழுதால் பெரிய நஷ்டமில்லை. அவன் ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தைக் கிழிப்பான். நன்றாகச் சுடுபவன்தான் அடிபடுவான்.

இதை ரெஜினிடம் சொன்னேன். "சாருக்கு எல்லாம் அறியாமே" என்றான், எல்லாம் தெரியுமே என்று அவன் ஊர்ப் பேச்சில். மரியாதையா கிண்டலா தெரியவில்லை.

ஜூன் 15, வியாழன்

எல்லா டார்கெட்டுக்கும் சீல் வைத்தேன்.

கல்லூரியில் விடைத்தாள் கட்டுகளுக்கு ஒட்டுகிற அதே ஸ்டிக்கர். ஒட்டி, பாதி ஸ்டிக்கரிலும் பாதி பெட்டியிலுமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டால் யார் திறந்தாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். பதினைந்து வருடம் தேர்வுப் பொறுப்பில் இருந்தவன் நான். என் கட்டை எவனும் பிரித்ததில்லை. டார்கெட்டின் இடப்பக்க மூடியில் ஒவ்வொன்று. பேப்பர் மாற்றத் திறக்க வேண்டுமானால் என் முன்னால் திறக்க வேண்டும், புது சீல் வைக்க வேண்டும்.

ரெஜின் முணுமுணுத்தான். "நாப்பது டார்கெட்டு சாரே. ஒவ்வொரு தடவையும் உங்களத் தேடியா ஓடணும்?"

"ஓடத்தான் வேணும்."

ஜூரியின், அதாவது நடுவர் குழுவின், தலைவி பத்மாவதி மேடம் ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி. சீல்களைப் பார்த்துவிட்டு, "நல்ல யோசனைங்க புரொஃபசர், இதை யாரும் செய்யறதில்ல" என்றார். அந்த அம்மாளுக்கு மட்டும்தான் இங்கே கொஞ்சம் விவரம் இருக்கிறது.

லிங்கம் எதிர்ப்பான் என்று நினைத்தேன். "தாராளமா ஒட்டும்" என்று சொல்லிவிட்டு சாப்பாட்டுப் பந்தலைப் பார்க்கப் போய்விட்டான். எதிர்க்க வேண்டிய ஆள் எதிர்க்கவில்லை. இது நல்லதற்கில்லை.

ஜூன் 16, வெள்ளி

முதல் நாள். காலையிலேயே கரண்ட் போனது. ஜெனரேட்டர் இழுத்துப் பிடிப்பதற்குள் முதல் டீடெயில் திரைகள் அணைந்தன. நல்லவேளை, பயிற்சிக் குண்டுகள்தான். சேலத்து அப்பா ஒருவர் என் சட்டையைப் பிடிக்காத குறை. "எம்பையன் கான்சன்ட்ரேஷன் போச்சு, யாரு பொறுப்பு?" மின்வாரியம் என்றேன். சுடும்போது போடும் தடித்த ஜாக்கெட்டுகளைப் பரிசோதிக்கும் மேஜையில் ஒரு பெண்ணின் ஜாக்கெட் அளவுக்கு மேல் விறைப்பாக இருக்கிறதென்று தள்ளிவிட்டார்கள். அவள் அதை வெயிலில் போட்டு மிதித்துக்கொண்டிருந்தாள். மதியம் சாம்பார் தீர்ந்து ரசத்தோடு முடிந்தது. ரைபிளின் காற்றுச் சிலிண்டர் நிரப்பும் வரிசை வாசல் வரை.

இதெல்லாம் போகட்டும். சாயங்காலம் நடந்ததை எழுத வேண்டும்.

நாளைக்கான லேன் பட்டியல் ஒட்டினார்கள். ஜூனியர் பெண்கள், இரண்டாவது டீடெயில், லேன் 31: கு. உலகம்மை. வாடகை டார்கெட். பட்டியல் ஒட்டிய கொஞ்ச நேரத்தில் கூடத்துக்குள் போனேன். எல்லாரும் போயாகிவிட்டது. 31-ஆம் டார்கெட்டின் முன்னால் லிங்கமும் ரெஜினும் நிற்கிறார்கள். லிங்கம் குனிந்து எதையோ காட்டிக் கேட்கிறான், ரெஜின் தலையாட்டுகிறான். என்னைக் கண்டதும் லிங்கம் நிமிர்ந்து, "சாப்பிட்டேரா வே?" என்றான்.

சாயங்காலம் ஆறு மணிக்கு என்ன சாப்பாடு?

சீலைப் போய்ப் பார்த்தேன். கோடு விலகவில்லை. அதனால் என்ன? இன்னும் செய்யவில்லை, அவ்வளவுதான். காலையில் செய்யலாம்.

அந்த வாடகை மாடலை நன்றாகப் பார்த்தேன். கீழே வலப்பக்கத்தில் ஓர் இடுக்கு இருக்கிறது. ஒரு விரல் நுழையும். மூடியைத் திறக்காமலேயே ஒரு கம்பியை விட்டு ஆட்டலாம். அது எதற்காக என்று ரெஜினிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் எதற்குக் கேட்கிறீர்கள் என்பான், போய் லிங்கத்திடம் சொல்வான்.

ஜூன் 17, சனி, காலை

முதல் டீடெயில் முடிந்த இடைவெளியில் 31-க்கு இரண்டாவது சீல் வைத்துவிட்டேன். கீழ் இடுக்கின் மேல், நெடுக்காக. யாரும் பார்க்கவில்லை. இப்போது செய்யட்டும் பார்க்கலாம்.

ஜூன் 17, மாலை

உலகம்மை நன்றாகத்தான் தொடங்கினாள். முதல் பத்து முடிந்ததும் பெரிய திரையில் அவள் பெயர் மேலே ஏறிவிட்டது. எல்லாம் பத்துக்கு மேல். ஆடாமல் நிற்கிறாள், அவள் அப்பனைப் போல.

இரண்டாவது பத்தில் ஒரு குண்டுக்குத் திரையில் எதுவும் வரவில்லை. கையைத் தூக்கினாள். ரேஞ்ச் அதிகாரி வந்தார். விதிப்படி இன்னொரு குண்டு சுடச் சொன்னார். அது சற்று ஓரமாகப் போய்ப் பதிவானது. அப்படியானால் இயந்திரம் வேலை செய்கிறது, தொடரலாம் என்றார். அதற்கு அடுத்த குண்டு பதிவானது. அதற்கடுத்தது மறுபடியும் இல்லை. திரும்பக் கையைத் தூக்கினாள். கூடத்தில் சலசலப்பு. அவளை ஓரத்திலுள்ள நாற்பதாம் லேனுக்கு மாற்றினார்கள். அங்கே மீதியைச் சுட்டாள். கடைசி வரை பத்துகள்தான்.

எல்லாரும் சுட்டு முடித்து, உள்ளே போகலாம் என்றானதும் டார்கெட்டைப் பார்க்க என்னை அனுப்பினார்கள். தனியாகத்தான் போனேன். இடப்பக்க மூடியில் முதல் சீல் அப்படியே இருந்தது. கோடு விலகவில்லை. இரண்டாவது சீல் தேவையில்லாமல் இருந்தது. அதை எடுத்துவிட்டேன். மோட்டாரை ஓட்டிப் பார்த்தேன். தாள் சரியாக நகர்ந்தது.

பத்மாவதி மேடம் மற்ற ஜூரிகள் முன்னால் கேட்டார்: "சீல் எப்படி இருந்துச்சுங்க?"

"அப்படியே இருந்துச்சு."

"பேப்பர் ஓட ஏதாவது தடை?"

"இல்லை."

ரெஜின் தாளை வெளியே எடுத்துக் காட்டினான். ஓரிடத்தில் ஓர் ஓட்டை, கொஞ்சம் பெரியது. "இதுல ரெண்டோ மூணோ போயிருக்கு மேடம்" என்றான். "ஒண்ணே போயிருக்கலாமே?" என்றார் இன்னொரு ஜூரி. "போயிருக்கலாம்" என்றான். அவனுக்கு வேறு என்ன சொல்ல முடியும். மோட்டாரை அவர்கள் முன்னாலேயே ஓட்டினார்கள். ஓடியது. தடையில்லை, டார்கெட்டில் குண்டு பட்டதற்கு ஆதாரமில்லை. இரண்டு குண்டுக்கும் பூஜ்யம்.

இருபது புள்ளிக்கு மேல் போச்சு. முதலிடத்தில் இருக்க வேண்டியவள் பட்டியலின் கடைசிப் பக்கத்தில் கிடக்கிறாள். லிங்கமும் ரெஜினும் 31-இல் ஏதோ செய்துவைத்திருக்கிறார்கள். என் சீலால் அது தடுமாறிப்போயிருக்கிறது. வேறு எப்படி விளக்குவது?

சட்டைப்பையில் பிசின் கசகசவென்று ஒட்டுகிறது.

ஜூன் 18, ஞாயிறு

காலையில் லிங்கம் இரண்டு டம்ளர் டீயோடு வந்தான். பந்தலில் ஊரே பார்க்க என் எதிரில் உட்கார்ந்தான். கண் சிவந்திருந்தது.

"ஜூரிக்கு எழுதி புரொட்டஸ்ட் போடலையா?" என்று கேட்டேன்.

"எப்பிடி வே போட? செகரட்டரி நானு. எம் மகளுக்கு நானே புரொட்டஸ்ட் போட்டா, ரேஞ்சையே வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டான்னு பேசமாட்டானுவளா? அவளையும் போடாதன்னுட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

"தட்டைத் தள்ளி வச்சிட்டு எந்திரிச்சுப் போயிட்டா."

டீ குடித்தோம். அவனாகவே பேசினான்.

"உம்மைய ஏன் டார்கெட்டுக்குப் போட்டேன், தெரியுமா? எம் மவ சுடுதா. எவனாவது ஒருத்தன் ஏதாவது சொல்லுவான். ஊருல என்னைய ஜென்மத்துக்கும் நம்பாத ஆளு ஒருத்தன் வேணும்னு பாத்தேன். உம்மைய விட்டா யாரு இருக்கா? ஞானதிரவியம் சீல் வச்ச டார்கெட்டுல லிங்கம் தில்லுமுல்லு பண்ணிட்டான்னு எவனாலயும் சொல்ல முடியாதுல்லா?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் 31-ல என்ன பண்ணிட்டிருந்தீரு?"

"ஏசி காத்து நேரா அதுமேல அடிக்குது. அதனால அவளுக்கு லாபமோ நட்டமோ உண்டான்னு அந்தப் பயலைக் கேட்டேன். லாபம்னு சொன்னா லேனை மாத்திரலாம்னு. ரெண்டும் இல்லன்னான்." டம்ளரை வைத்தான். "மாத்தியிருக்கலாம். சவம், தோணல."

இவன் நடிக்கிறானா? நடிக்கத் தெரிந்தவன்தான். ஆனால் நடித்து இப்போது என்ன ஆகப்போகிறது? பூஜ்யம் விழுந்தாகிவிட்டது.

மதியம் உலகம்மையே வந்தாள். ஜாக்கெட்டைத் தோளில் போட்டிருந்தாள்.

"அங்கிள், ஒண்ணு கேக்கணும். அந்த ரெண்டு குண்டும் உள்ள போச்சு. எனக்குத் தெரியும். விட்ட கை சொல்லும். நீங்கதான் முதல்ல போய்ப் பாத்தீங்க. ஏதாவது இருந்துச்சா?"

"சீல் சரியா இருந்துச்சும்மா."

"சீலைக் கேக்கல அங்கிள்."

அவளுக்குப் பின்னால் அடுத்த டீடெயிலுக்குக் கூப்பிட்டார்கள். நான் போக வேண்டியிருந்தது. போய்விட்டேன்.

ஜூன் 18, பிறகு

எழுதாமல் விட்டதை எழுதிவைக்கிறேன். கீழ் இடுக்கு, ஓடி முடிந்த தாள் வெளியே வரும் வழி. நம்முடைய மாடலில் தாள் உள்ளேயே சுருளும், இதில் கீழே இறங்கும். நேற்று நான் போய்ப் பார்த்தபோது தாளின் நுனி என் ஸ்டிக்கரின் பிசினில் ஒட்டி, உள்ளே மடிந்து மடிந்து திணறிக்கொண்டிருந்தது. மோட்டார் சுற்றியது, தாள் நகரவில்லை. ஸ்டிக்கரை இழுத்ததும் தாளும் கூடவே வந்தது. ஒட்டிக்கொண்ட துணுக்கு கிழிந்து ஸ்டிக்கரோடு என் பைக்குள் போனது. மீதித் தாள் விடுபட்டு ஓடியது. அதன்பிறகு யார் பார்த்தாலும் தடையில்லைதானே. நான் சொன்னது அந்த நிமிடத்தில் பொய்யில்லை.

அந்த ஸ்டிக்கரை ஜூரி மேஜையில் வைத்துவிட்டால் போதும். நான் பேசவே வேண்டாம். தாள் துணுக்கு ஒட்டியிருக்கிறது. என் கையெழுத்து இருக்கிறது. பார்த்தாலே புரியும். நாளை மதியம் அணிப் பட்டியலில் ஜூரி கையெழுத்துப் போடுகிறது. அதற்கு முன் வைக்க வேண்டும்.

சட்டையைத் தேடினேன். கொடியில் காய்கிறது.

"பையில என்னமோ பிசின் அப்பிக் கெடந்திச்சு" என்றாள் சுகந்தி. "சுடுதண்ணி ஊத்தி, மண்ணெண்ணெய் தேய்ச்சு, ஒரு வழியா எடுத்தேன். உங்களுக்கு ஸ்டிக்கர் பைத்தியம் எப்பத்தான் தீருமோ."

"அதை எங்க போட்டே?"

"எதை?"

"எடுத்ததை!"

"கரைஞ்சு போனத எங்க போட? சாக்கடையிலதான்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னாச்சு?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். இந்த வாரத்தில் எத்தனை பேரிடம் இப்படிச் சொல்லிவிட்டேன்.

ஜூன் 19, திங்கள்

சொன்னேன்.

கடைசி டீடெயில் ஓடிக்கொண்டிருந்தது. ஜூரி அறையில் பத்மாவதி மேடமும் இரண்டு பேரும் இருந்தார்கள். நின்றுகொண்டே முழுதும் சொன்னேன், இரண்டாவது சீல், இடுக்கு, பிசின், பை எல்லாம். பாடம் நடத்துகிற மாதிரி வரிசையாகத்தான் வந்தது. கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது. இந்தக் கூடத்தில் வேறு எவன் இப்படி வந்து சொல்வான்?

பத்மாவதி மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்த ஸ்டிக்கர் எங்கங்க?"

"துவைச்சதுல போயிருச்சு."

பக்கத்தில் இருந்தவர் இருமினார். சிரிப்பை மறைத்த இருமல்.

"ரெண்டாவது சீல் ஒட்டுனதை யார் பாத்தா?"

"யாரும் பாக்கல."

"எடுத்ததை?"

"நான் தனியாத்தான் போனேன்."

"சனிக்கிழமை எங்க முன்னாடி தடையில்லைன்னு சொன்னீங்க. இன்னைக்கு இருந்துச்சுங்கறீங்க. நடுவுல ஞாயித்துக்கிழமை." அவர் குரல் மாறவில்லை. போலீஸ் குரல். "நேத்து காலையில லிங்கம் சார் உங்களுக்கு டீ வாங்கிட்டு வந்து பக்கத்துல உக்காந்து ரொம்ப நேரம் பேசுனாராமே?"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் குரல் உயர்ந்தது.

"மேடம், அவனும் நானும் முப்பது வருஷமாப் பேச்சே கிடையாது. எதிரிங்க."

"எதிரிக்கு யாருங்க டீ வாங்கித் தருவாங்க?"

அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் இதைத்தான் கேட்டிருப்பேன்; இதைவிடக் கூர்மையாகக் கேட்டிருப்பேன்.

பூஜ்யங்கள் நின்றன. மூன்று பேர் பட்டியலில் கையெழுத்தானது. உலகம்மை பெயர் இல்லை. அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. செயலாளர் தன் மகளுக்காக டார்கெட் அதிகாரியை வளைக்கப் பார்த்ததாக மாநிலச் சங்கத்துக்குப் புகார் போகிறது. விசாரணை முடியும்வரை லிங்கம் பதவியில் இருக்கக்கூடாது.

வாசலில் ரெஜின் கேபிள் சுருட்டிக்கொண்டிருந்தான். லிங்கம் என்னைப் பார்த்து நடந்து வந்தான். அடிப்பான் என்று நினைத்தேன்.

"எதுக்கு வே போய்ச் சொன்னீரு? அவளுக்குப் போனது போச்சு. எனக்கும் சேத்துல்லா வச்சிட்டீரு."

"உண்மையைச் சொன்னேன்."

"சனிக்கிழமை சொல்லியிருக்கலாம்லா!"

கூடத்துக்கே கேட்டது. அவன் கத்தி நான் கேட்டதில்லை.

ஜூன் 24, சனி

விசாரணை ஜூலை இரண்டாம் தேதி, பாளையங்கோட்டையில். நான் லிங்கத்தின் ஆள் இல்லை என்று நிரூபித்தால் அவன் மீதான புகார் நிற்காது. நிரூபிக்கச் சாட்சி வேண்டும்.

முப்பது வருடமாக எவனிடமும் அவனை ஏசாமல் நான் பேசியதில்லை. சாட்சிக்குப் பஞ்சமிருக்காது என்று நினைத்தேன். பழைய சங்கத்து நாசரேத் தங்கையாவிடம் போனேன்.

"நீரும் லிங்கமும் பகையா?" என்றார் அவர். "ரெண்டு பேரும் ஒருத்தனை ஒருத்தன் பத்தியேதான எப்பவும் பேசிட்டிருப்பீங்க? நான் நெருக்கம்னுல்லா நெனச்சேன்."

கல்லூரி நண்பர் ஒருவர், "எதுக்கு சார் எழுத்துல எல்லாம்" என்று நழுவினார். இன்னொருவர் லிங்கத்திடம் கைமாற்று வாங்கியிருக்கிறாராம், அவனுக்கு ஆதரவாகச் சாட்சி சொன்னால் தப்பாக நினைப்பார்கள் என்கிறார். எல்லாருக்கும் ஒரு காரணம்.

நான் அவனுக்கு எதிரி என்று சொல்ல ஓர் ஆள் கேட்டு ஊர் ஊராக அலைகிறேன். சுகந்தி இதைக் கேட்டுவிட்டு அடுக்களைக்குள் போய்ச் சிரித்தாள். கதவு சாத்தியிருந்தும் கேட்டது.

ஜூன் 28, புதன்

யாரும் இல்லை.

ஜூன் 30, வெள்ளி

உலகம்மை வீட்டுக்கு வந்தாள். கூப்பிடாமல் வந்தாள். உட்காரவில்லை.

"சாட்சி தேடுறீங்களாமே அங்கிள். நான் வாரேன்."

"நீ அவர் மகள். உன்னை எப்படி நம்புவாங்க?"

"அப்பாவுக்காகச் சொல்ல வரல. உங்களைப் பத்திச் சொல்ல வாரேன்."

"எதுக்கு? நான்தான உன் இடத்தை…"

"ஆமா. நீங்கதான்." கண்ணை எடுக்காமல் பார்த்தாள். "உங்க மேல எனக்குக் கோவம் இருக்கு. அது போகாது போல. ஆனா அப்பா வீட்ல சும்மா உக்காந்து டிவியப் பாத்துட்டிருக்காரு, சத்தம் கூட வைக்காம. அதுக்காக வாரேன்."

சுகந்தி காபி கொண்டுவந்தாள். உலகம்மை அவளிடம் வாங்கிக் குடித்தாள்.

ஜூலை 2, ஞாயிறு

விசாரணைக்கு மூன்று பேர். பத்மாவதி மேடமும் இருந்தார். என்னைக் கேட்டார்கள், சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். நம்பியதாகத் தெரியவில்லை. லிங்கத்தைக் கேட்டார்கள். "ஞானதிரவியம் சொல்றதெல்லாம் எனக்கு அப்புறந்தான் தெரியும்" என்றான். அவனையும் நம்பவில்லை. பிறகு உலகம்மையை அழைத்தார்கள். என்னையும் அறையிலேயே இருக்கச் சொன்னார்கள்.

"இவருக்கும் உங்க அப்பாவுக்கும் நல்ல உறவில்லைங்கறீங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று தலைவர் கேட்டார்.

"எட்டு வயசுல இருந்து ரேஞ்சுக்கு வாரேன் சார். இவரை எப்பப் பாத்தாலும் வணக்கம் சொல்லுவேன். அப்பா சொல்லச் சொல்லுவாரு. இவரு ஒரு தடவைகூடத் திருப்பிச் சொன்னதில்லை. பாக்காத மாதிரி துப்பாக்கியத் துடைப்பாரு. நான் இன்னார் மகள்ங்கறதுக்காக. பத்துப் பன்னெண்டு வருஷம். டீயில சரியாப் போற விஷயமா சார் அது?"

தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"உண்மையா புரொஃபசர்?"

"உண்மை" என்றேன்.

அந்த ஒரு பதிலை மட்டும் உடனே நம்பினார்கள். பத்மாவதி மேடம் பேனாவை எடுத்து எழுதினார். புகாரைக் கைவிடலாம் என்று பரிந்துரைப்பதாகச் சொன்னார்கள். முறையான உத்தரவு வரும்வரை இரண்டு தரப்பும் அமைதியாக இருக்க வேண்டும். அணிப் பட்டியலில் மாற்றமில்லை. நான் இனி எந்தப் போட்டியிலும் டார்கெட் பக்கம் போகக்கூடாது. நியாயம்தான்.

வெளியே வாகை மரத்தடியில் லிங்கம் பைக்கைத் திருப்பிக்கொண்டிருந்தான். உலகம்மை ரைபிள் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். இங்கிருந்து நேரே பயிற்சிக்குப் போகிறாள் போலும். நாலடி போனவள் நின்று திரும்பினாள்.

"வணக்கம் அங்கிள்."

வாய் திறந்துவிட்டேன். அதற்குள் மாடி ஜன்னலைப் பார்த்தேன். பத்மாவதி மேடம் அங்கே நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். உத்தரவு இன்னும் எழுதப்படவில்லை.

முகத்தைத் திருப்பிக்கொண்டு ஸ்கூட்டர் சாவியைத் தேடினேன். அது கையிலேயே இருந்தது. பைக் கிளம்பிப் போகிற சத்தம் அடங்கும்வரை தேடிக்கொண்டிருந்தேன்.